எட்டு வயது மகனுக்கு மண்ணீரலை எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

உசிலம்பட்டி அப்பா – கேள்வி

வணக்கம். எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். நான் லோடு வண்டி ஓட்டுகிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பிறந்தபோதே மஞ்சள் கூடுதலாக இருக்கிறது என்று நீல விளக்குக்கு அடியில் வைத்திருந்தார்கள். அதற்கப்புறமும் அவன் கண் முழுதாக வெள்ளையானதே இல்லை. சளி, காய்ச்சல் என்று எது வந்தாலும் கண் மஞ்சளாகும், சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போகும், உதடு வெளுத்துப் படுத்துவிடுவான். மஞ்சக்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் இருந்தான். கொஞ்ச நாளில் சரியாகும், மறுபடி வரும். ஒரு தடவை ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் ஏற்றினார்கள். அங்கேதான் பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் என்று பெயர் சொன்னார்கள். சிவப்பணுக்கள் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கின்றன, அவற்றை மண்ணீரல் பிடித்துப் பிடித்து உடைக்கிறது, அதனால்தான் ரத்தமும் குறைகிறது, கண்ணும் மஞ்சளாகிறது என்று டாக்டர் விளக்கினார்.

அதிலிருந்து, ரத்தம் ஊறுவதற்கான போலிக் அமில மாத்திரை ஓடுகிறது. இருந்தாலும் அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. இப்போது எடுத்த ஸ்கேனில் மண்ணீரல் ரொம்பப் பெரிதாக இருக்கிறது, பித்தப்பையில் கல்லும் இருக்கிறது என்று வந்திருக்கிறது. முழுப் பரீட்சை லீவில் இரண்டையும் ஒரே ஆபரேஷனில் எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் சில தடுப்பூசிகள் போட வேண்டும் என்கிறார்கள்.

வீட்டில் ஒரே அழுகை. உடம்பில் இருப்பதை எடுத்துவிட்டால் பிள்ளை காலம் முழுக்க நோஞ்சானாக இருப்பான் என்கிறார் அவன் அப்பத்தா. பாண்டி கோயிலில் வேண்டுதல் வைத்திருக்கிறார். மனைவிக்கு ராத்திரி தூக்கம் இல்லை. மண்ணீரல் இல்லாமல் ஒருவர் நன்றாக வாழ முடியுமா? இவன் கபடி என்றால் உயிரை விடுவான், அது முடியுமா? தடுப்பூசி விலையைக் கேட்டால் பயமாக இருக்கிறது, எல்லாமே அவசியமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செக்கானூரணி மாமா

தம்பி, அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கிற வைத்தியர் இருக்கிறார். பால் சோறு மட்டும் சாப்பிட்டு மூன்று வேளை மருந்து எடுத்தால் கண் தெளிந்துவிடும். என் மைத்துனனுக்குத் தெளிந்தது. ஆபரேஷன் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமே.

திருப்பரங்குன்றம் அக்கா

தம்பி, எனக்கு இதே நோய். பத்தொன்பது வயதில் மண்ணீரலையும் பித்தப்பையையும் சேர்த்து எடுத்தார்கள். இப்போது நாற்பத்தாறு ஆகிறது. இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தையல் கடை, முன்பு புதுமண்டபத்தில் இருந்தது, இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். சித்திரைத் திருவிழா நேரத்தில் கள்ளழகர் வேஷத்துக்கான உடுப்புகளைத் தைத்து முடிக்க விடிய விடிய மெஷினில் உட்காருவேன். நோஞ்சானாக இருந்தது எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால்தான். உங்கள் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் மாமா சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மனசு வருத்தப்பட வேண்டாம் மாமா. கல்லீரலில் கிருமி தாக்கி வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கும். மருந்து கொடுத்தாலும் தெளியும், கொடுக்காவிட்டாலும் தெளியும். இந்தப் பிள்ளைக்கு வருவது அது இல்லை. சிவப்பணு உடைந்து, அதிலிருந்து வரும் மஞ்சள். ஒவ்வொரு தடவையும் இவனுக்குத் தெளிந்ததும் சளி, காய்ச்சல் விட்டதால்தான். பால் சோறு மட்டும் கொடுத்தால், ஏற்கெனவே ரத்தம் இல்லாத பிள்ளை இன்னும் மெலிந்துபோகும்.

என் அப்பாவுக்குத் தெருவில் மஞ்சக்கண்ணர் என்றே பெயர். ஒரு சொட்டு சாராயம் தொடாத மனுஷர். ஆனால் கண்ணைப் பார்த்து ஈரல் கெட்ட குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு இருந்தது என்ன என்று எனக்குக் கண்டுபிடித்த பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: நீங்கள், உங்கள் மனைவி, மற்ற பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்களா? இந்த நோய் உள்ள நாலு குடும்பத்தில் மூன்றில் அம்மா அல்லது அப்பாவிடமிருந்து நேராக வருகிறது. லேசாக இருந்தால் வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே இருக்கும். யார் வழியில் வந்தது என்று தெரிந்ததும் அதை வைத்து வீட்டில் சண்டை போட மட்டும் விடாதீர்கள். என் அம்மா அதற்காக வாங்கின பேச்சு கொஞ்சம் இல்லை, கடைசியில் பார்த்தால் அது அப்பா வழி.

எனக்குச் செய்த காலத்தில் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். இடது விலாவுக்குக் கீழே நீளத் தழும்பு இன்றும் இருக்கிறது. மூக்கில் குழாய், இருமினால் உயிர் போகிற வலி, தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் என் தம்பி மகளுக்குப் போன வருஷம் ஒன்பது வயதில் இதே மதுரையில் லேப்ராஸ்கோப்பியில் செய்தார்கள், நான்தான் கூட இருந்தேன். சின்னச் சின்ன ஓட்டைதான். மண்ணீரலை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டுத் துண்டாக்கி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மறுநாளே எழுந்து நடந்தாள், அந்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வாரத்தில் கண் பளிச்சென்று வெளுத்ததைப் பார்த்து என் தம்பி அழுதுவிட்டான். சிவப்பணு இன்னும் உருண்டையாகத்தான் இருக்கும், அது பிறவிக் குணம், மாறாது. பிடித்து உடைக்கிற இடம் இல்லாமல் போவதால் ஹீமோகுளோபின் ஏறி நிற்கிறது. வயதான அணுக்களைக் கழிக்கிற மற்ற வேலையைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. பத்துப் பேரில் ஒருவருக்காவது பெரிய மண்ணீரலுக்குப் பக்கத்தில் கோலிகுண்டு அளவில் கூடுதல் மண்ணீரல் இருக்கும். அதை விட்டுவிட்டால் அது வளர்ந்து மறுபடி உடைக்க ஆரம்பிக்கும், தேடிப் பார்த்து எடுப்பீர்களா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பகுதியை மட்டும் விட்டு எடுப்பதும் உண்டு. உங்கள் பையனுக்கு எது பொருந்தும் என்று அவர்கள்தான் சொல்ல முடியும். ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் கிடுகிடுவென்று ஏறும். உடம்பில் உள்ள தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கியிருக்கும், அந்த இடம் போய்விட்டதால் இந்த ஏற்றம். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு விடாத வயிற்று வலியோ காய்ச்சலோ வந்தால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷன் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை தம்பி. அதற்குப் பிறகு வரும் காய்ச்சல்தான் விஷயம். நான் இவ்வளவு எழுதுவதே இதைச் சொல்லத்தான்.

நிமோனியா, மூளைக்காய்ச்சல் கொண்டுவரும் சில பாக்டீரியாக்களுக்கு மேலே வழவழப்பான உறை உண்டு. அந்த உறை இருப்பதால் உடம்பின் மற்ற காவல் எல்லாம் அவற்றைச் சுலபமாகப் பிடிக்க முடியாது. ரத்தத்தில் ஓடும்போது அவற்றை வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரல்தான். அது இல்லாதவர்களுக்கு அந்தக் கிருமி ரத்தத்தில் புகுந்தால் மணிக்கணக்கில் பெருகும். காலையில் சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி, வாந்தி என்று ஆரம்பித்து, ராத்திரிக்குள் ரத்த அழுத்தம் விழுந்து, ஒன்றிரண்டு நாளில் உயிரே போகலாம். ரொம்ப அபூர்வமாகத்தான் வரும், ஆனால் முற்றிப்போனவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றுவதே கடினம். முதல் இரண்டு மூன்று வருஷம் ஆபத்து அதிகம். அதற்கப்புறம் குறையுமே தவிர ஒரு நாளும் இல்லாமல் போகாது.

எனக்கே வந்தது. மூத்தவன் பிறந்து சில வருஷம் கழித்து ஒரு மார்கழியில், மதியம் கடையில் இருக்கும்போது குளிர் தூக்கிப் போட்டது. போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் வெப்பத்தைப் பார்த்துவிட்டு, வைரல் காய்ச்சலாக இருக்கும், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார். வீட்டுக்காரர் நகரவே இல்லை. இவளுக்கு மண்ணீரல் கிடையாது, ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு ஊசி போடுங்கள், பெரிய டாக்டருக்குப் போன் போடுங்கள் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய டாக்டர் போனிலேயே உடனே செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியைப் போடு என்று சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி என் பிரஷர் இறங்கியது. எக்ஸ்ரேயில் இடது நுரையீரலில் நிமோனியா. அந்த ஊசி சாயங்காலமே போகாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று அந்தப் பெரிய டாக்டரே பின்னால் சொன்னார்.

அதனால் உங்கள் வீட்டில் இது எழுதாத சட்டமாக இருக்கட்டும்: 100.4 டிகிரி தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, பையன் திடீரென்று சோர்ந்து விழுந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்ற பேச்சே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் கூடாது. உங்களுக்கு மதுரை நாற்பது கிலோமீட்டர் இருக்கும். அதனால் உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலேயே முதல் ஊசியைப் போடச் சொல்லி மதுரை டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு ஆன்டிபயாடிக் எழுதித் தரச் சொல்லுங்கள். காய்ச்சல் கண்டதும் முதல் வேளையைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுங்கள். வண்டி இல்லாத நேரம் என்றால் 108. அப்பத்தாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், நீங்கள் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கும்போது பிள்ளையைப் பார்ப்பது அவர்தான்.

நாய் கடித்தால், பூனை கீறினால், அது வீட்டில் வளர்ப்பதாக இருந்தாலும் சரி, ரேபிஸ் ஊசியோடு நிற்காதீர்கள். நாயின் வாயில் சாதாரணமாகவே இருக்கும் ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவர்களை மோசமாகத் தாக்கும், அதற்கும் மாத்திரை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மலேரியாவும் நமக்குக் கடுமையாக வரும். ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் போக நேர்ந்தால் முன்கூட்டியே தடுப்பு மாத்திரை கேட்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பத்தியம் ஒன்றும் இல்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ரத்தம் ஊற வேண்டும் என்று இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அடிக்கடி ரத்தம் ஏற்றின பிள்ளைக்கு உடம்பில் இரும்பு கூடித்தான் இருக்கும். உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் பெரிட்டின் பரிசோதனை பார்க்காமல் டானிக் கூடாது.

மேலூர் செவிலியர்

அக்கா காய்ச்சல் பற்றிச் சொன்னதில் சேர்க்க எதுவும் இல்லை. தடுப்பூசி பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணன் எல்லாமே அவசியமா என்று கேட்டிருக்கிறார். எல்லாமே அவசியம் அண்ணே. செலவைப் பார்த்து ஒன்றை விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

பையனுக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில், ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட் ஊசி போட்டிருப்பார்கள். 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அதைத் தொடங்கினார்கள். அதற்குள், மூளைக்காய்ச்சல் கொண்டுவரும் ஹிப் என்ற கிருமிக்கான மருந்தும் உண்டு. அந்தத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், ஹிப் இனிமேல் தேவையா இல்லையா என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். நிமோனியா கொண்டுவரும் கிருமிக்கான நிமோகாக்கல் ஊசி நம் மாநிலத்தில் அரசு அட்டவணையில் சேர்ந்தது 2021-ல். உங்கள் பையன் அதற்கு முன்னால் பிறந்தவன், அதனால் தனியாகப் போட்டிருந்தால் தவிர அவனுக்கு அது விழுந்திருக்காது.

நிமோகாக்கலில் இரண்டு வகை. முதலில் பிசிவி. எட்டு வாரம் கழித்து 23 வகைக் கிருமிக்கான பிபிஎஸ்வி. அதை ஐந்து வருஷம் கழித்து இன்னொரு தடவை. அப்புறம் மூளைக்காய்ச்சல் கிருமிக்கான மெனிங்கோகாக்கல், ஹஜ் போகிறவர்களுக்குப் போடுவார்களே, நாலு வகைக் கிருமிக்கான அதே ஊசி. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு இது எட்டு வார இடைவெளியில் இரண்டு தவணை, அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. புளூ ஊசி வருஷா வருஷம், வீட்டில் உள்ள பெரியவர்களும் போட்டுக்கொண்டால் நல்லது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெனிங்கோகாக்கல் ஊசியில் மெனாக்ட்ரா என்ற வகை நம் ஊரில் அதிகம் புழங்கியது. அதை பிசிவியோடு சேர்த்துப் போட்டால் பிசிவியின் பலன் குறையும், நாலு வாரமாவது தள்ளிப் போட வேண்டும். வேறு வகையாக இருந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த வகை என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். ஆபரேஷனுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னாலாவது ஊசிகள் முடிந்திருந்தால்தான் உடம்பு அதற்குள் எதிர்ப்பைத் தயார் செய்யும். நாள் எண்ணிப் பாருங்கள், மே மாதம் ஆபரேஷன் என்றால் பொங்கல் முடிந்த கையோடு முதல் ஊசியை ஆரம்பித்தால்தான் நிதானமாக இருக்கும்.

பையனுக்கு எட்டு வயது ஆகட்டும் என்று டாக்டர்கள் காத்திருந்ததும் நல்லதுதான். 1952-ல் அமெரிக்காவில் கிங், ஷூமேக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள், இதே மாதிரி ரத்த நோய்க்காகக் கைக்குழந்தையிலேயே மண்ணீரல் எடுத்த ஐந்து பிள்ளைகளுக்குக் கடுமையான தொற்று வந்ததைப் பதிவு செய்தார்கள். அதிலிருந்துதான் இந்த ஆபத்தை உலகம் கவனிக்க ஆரம்பித்தது. இப்போது முடிந்தவரை ஆறு வயது தாண்டட்டும் என்பார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் பென்சிலின் மாத்திரை காலை, இரவு இரண்டு வேளை எழுதுவார்கள். சிலருக்கு இரண்டு வருஷம், சிலருக்கு இன்னும் நீளமாக. பிள்ளை நன்றாக ஓடி ஆடுகிறான், எதற்கு மாத்திரை என்று மூன்றாம் மாதமே நிறுத்திவிடும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன், எனக்கு மனசு பதறும். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை விடாதீர்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் மாற்று மருந்து இருக்கிறது.

செலவுக்கு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் இப்போதே காட்டிக் கேளுங்கள். இல்லாவிட்டால் பெரியாஸ்பத்திரியில் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவில் போய்ப் பாருங்கள். ஊசிகளில் எது இருப்பில் இருக்கிறது, எதை வெளியே வாங்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கப்பலூர் தொழிலாளி

குறுக்கே வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு நோய் எதுவும் இல்லை, விபத்து. ஷிப்ட் முடிந்து திருமங்கலம் நாலு வழிச் சாலையில் பைக்கில் வரும்போது மாடு குறுக்கே வந்து விழுந்துவிட்டேன். ஹேண்டில்பார் இடது விலாவில் குத்தியது. வெளியே சிராய்ப்புக்கூட இல்லை, ஆனால் இடது தோள்பட்டையில் வலி, தலை சுற்றல். ஸ்கேனில் பார்த்தால் மண்ணீரல் சிதறி வயிறு முழுக்க ரத்தம். ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றியதற்கு அந்த ஆஸ்பத்திரிக்கு நன்றிதான்.

ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது ஊசி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்திலும் இல்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த லேப் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, உங்களுக்கு மண்ணீரல் எடுத்திருக்கிறதா என்று கேட்டார். சிவப்பணுவுக்குள் ஹோவெல்-ஜாலி என்ற புள்ளிகள் தெரிகிறதாம். மண்ணீரல் இருந்தால் அவற்றைத் துப்புரவாக எடுத்துவிடும், இல்லாதவர்களுக்குத்தான் அப்படியே தெரியும் என்றார். ஊசி போட்டாச்சா என்று அவர் கேட்டபோதுதான் அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியும். இப்போது போட்டால் பிரயோஜனம் உண்டா சிஸ்டர்?

மேலூர் செவிலியர்

உண்டு அண்ணே, நாலு வருஷம் இல்லை, நாற்பது வருஷம் ஆனாலும் போடலாம். அவசர ஆபரேஷன் என்றால் பதினான்கு நாள் கழித்துப் போடுவது வழக்கம். உங்களுக்கு விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். இந்த வாரமே பொது மருத்துவரைப் பாருங்கள். ஹிப் ஒரு தவணை உங்களுக்கும் சேர்த்து எழுதுவார்கள். பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். காய்ச்சல் பற்றி அக்கா எழுதியிருப்பது உங்களுக்கும் அப்படியே பொருந்தும், வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி அப்பா

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். உங்கள் வயதைக் கேட்டதும், பிள்ளை பெற்றிருக்கிறீர்கள் என்றதும்தான் அவருக்கு மூச்சே வந்தது. வேண்டுதலை மாற்றிவிட்டார், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கிடா வெட்டுவதாக வேண்டியிருக்கிறார்.

வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தோம். என் மனைவிக்கு லேசாக இருக்கிறதாம். அவளுக்கும் பித்தப்பையில் சின்னக் கல். இத்தனை வருஷம் அசதி என்று அவள் சொன்னதை வேலைக் களைப்பு என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அவளுக்கு ஆபரேஷன் தேவையில்லை, போலிக் அமிலம் போதும் என்றார்கள். சின்ன மகளுக்கு இல்லை. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை அக்கா, என் அம்மாதான் அவளுக்கு முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுக்கிறார்.

பிசிவி ஊசி போட்டாயிற்று. அடுத்த ஊசிகளுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், நாலு வார இடைவெளி பற்றி நான் கேட்டதும் டாக்டர் சிரித்துவிட்டு சரியாகக் கேட்கிறீர்கள் என்றார். காப்பீட்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு சந்தேகம் பாக்கி: கபடி, அப்புறம் பள்ளிக்கூடம். வாத்தியாரிடம் சொன்னால் இவனை நோயாளி மாதிரி ஓரமாக உட்கார வைத்துவிடுவார்களோ என்று மனைவி பயப்படுகிறாள்.

திருப்பரங்குன்றம் அக்கா

ரொம்பச் சந்தோஷம் தம்பி. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கபடி இப்போது கண்டிப்பாகக் கூடாது. பெரிதாகிப் போன மண்ணீரல் விலாவுக்குக் கீழே இறங்கி நிற்கும், ஒரு முட்டி பட்டால் கப்பலூர் தம்பிக்கு ஆனது போல ஆகிவிடும். ஆபரேஷன் நாள்வரை மரம் ஏறுவது, சைக்கிளில் வேகமாகப் போவது எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். ஆபரேஷன் முடிந்து காயம் ஆறி டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஆடட்டும். என் தம்பி மகள் இப்போது கோகோ ஆடுகிறாள், முன்பு ஒரு சுற்று ஓடினால் மூச்சு வாங்கும்.

பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் இருக்கவே கூடாது. தலைமையாசிரியரையும் வகுப்பு ஆசிரியரையும் சேர்த்து உட்காரவைத்து நேரில் பேசுங்கள். ஆபரேஷன் முடிந்து ஆறிய பிறகு அவன் எல்லாம் விளையாடலாம், எல்லாம் சாப்பிடலாம், யாருக்கும் இவனிடமிருந்து ஒட்டாது என்பதை முதலில் சொல்லுங்கள். அப்புறம் அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: உடம்பு சுட்டாலோ நடுங்கினாலோ, வகுப்பு முடியட்டும் என்று படுக்க வைக்காமல் அந்த நிமிஷமே உங்களுக்குப் போன். நீங்கள் எடுக்கவில்லை என்றால் மனைவிக்கு, அவரும் எடுக்கவில்லை என்றால் 108. இதை எழுதிக் கொடுத்து ஆசிரியர் அறையில் ஒட்டச் சொல்லுங்கள், வாத்தியார் மாறிப் போனாலும் காகிதம் இருக்கும்.

ஒரு அட்டையும் தயார் செய்யுங்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் மண்ணீரல் அகற்றப்பட்டவர், காய்ச்சல் வந்தால் உடனே ஆன்டிபயாடிக் ஊசி தேவை என்று பெரிய எழுத்தில். கீழே ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, போட்ட ஊசிகளின் தேதி, மதுரை டாக்டரின் நம்பர், உங்கள் இரண்டு பேர் நம்பர். லேமினேஷன் செய்து புத்தகப் பையில் ஒன்று, உங்கள் லோடு வண்டியில் ஒன்று, அம்மாவின் சுருக்குப் பையில் ஒன்று. ஆபரேஷன் தேதி உறுதியானதும் இங்கே எழுதுங்கள். மதுரையில் தங்க வேண்டியிருந்தால் எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது.